(2025 இலையுதிர்காலத்துல நடந்த பேச்சு. இதுல வர்ற தண்டனை மசோதா 2026 ஜனவரியில சட்டமாயிடுச்சு, அதனால 28 நாள் ரூல் அப்போதைய நிலைதான்.)

ரீகால் ஆனா, அதாவது வெளிய விட்டவங்களைத் திரும்ப ஜெயில்ல போட்டா, இப்போ 28 நாள்தானா? 4 வருஷத்துக்குக் கீழ தண்டனை உள்ளவங்களுக்கு என்ன மாறிச்சு

ஈஸ்ட்ஹாம்_குமார்:
வணக்கம். இங்கிலாந்து ஜெயில்ல இருந்து லைசென்ஸ்ல (மீதி தண்டனையை கண்டிஷனோட வெளிய கழிக்கறது) வெளிய வர்றவங்க ரூல் பத்தி தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, ரொம்ப அவசரம். என் சித்தி பையன், பண மோசடி கேஸ், 30 மாசம் தண்டனை, 40 சதவீதம் முடிச்சு இந்த கோடைல வெளிய வந்தான். ஒரு சொந்தக்காரங்க வீட்டு அட்ரஸ் கொடுத்துதான் விட்டாங்க. அங்க பிரச்சனை ஆகி அவங்க வெளிய போன்னுட்டாங்க, அதுக்கப்புறம் ஃப்ரெண்டு வீடுன்னு மாறி மாறி படுத்திருக்கான், புரொபேஷன்ல (வெளிய வந்தவங்களைக் கண்காணிக்கற அரசு அமைப்பு) சொல்லவே இல்ல, பயம், சொன்னா உள்ள போட்டுடுவாங்கன்னு. அப்பாயின்ட்மென்டும் விட்டுட்டான். போன வாரம் போலீஸ் வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்க. புதுசா குத்தம் எதுவும் பண்ணல. மீதி தண்டனை பூரா உள்ளதானான்னு சித்தி அழுதுட்டே இருக்காங்க. செப்டம்பர்ல ரூல் மாறிடுச்சு, 28 நாள்ல விட்டுடுவாங்கன்னு ஒருத்தர் சொல்றார், இல்ல பரோல் போர்டு (கைதியை விடலாமான்னு முடிவு பண்ற அமைப்பு) போனாத்தான்னு இன்னொருத்தர் சொல்றார். எதை நம்பறது?

சட்டக்கோப்பு:
தம்பி, முதல்ல சித்தியை ஒரு மூச்சு விடச் சொல்லுங்கோ. நான் கனகாலமா சிறைக் கைதிகளின்ர கேஸ் பாக்கிற சொலிசிட்டர் ஒஃபிஸ் ஒண்டில வேலை செய்யிறன். நீங்கள் சொன்னது அவ்வளவும் சரியெண்டால் முதல் ஆள் சொன்னதுதான் சரி. 2025 செப்டம்பர் 2ல இருந்து 4 வருசத்துக்குக் கீழ தண்டனை கிடைச்ச ஆக்களை ரீகோல் செய்தால் அது ஃபிக்ஸ்ட் டேர்ம் ரீகோலாத்தான் இருக்கவேணும். தண்டனை 12 மாசத்துக்குக் கீழ எண்டால் 14 நாள், 12 மாசமும் அதுக்கு மேலயும் எண்டால் 28 நாள். அந்த நாள் முடிய தானா விடுவினம், பரோல் போர்டுக்குப் போகத் தேவையில்லை. நாள் எண்ணுறது அவர் திரும்பிக் கஸ்டடிக்குள்ள போன நாள்ல இருந்து, லைசென்ஸை ரத்துச் செய்த நாள்ல இருந்து இல்லை. ஒளிச்சுத் திரிஞ்ச நாளெல்லாம் கணக்கில வராது.

விதிவிலக்கு இருக்கு. மாப்பா எண்டு ஒரு ஏற்பாடு, பொலிசும் புரொபேஷனும் ஜெயிலும் சேர்ந்து ஆபத்தான ஆக்களைக் கண்காணிக்கிறது, அதில லெவல் 2, லெவல் 3 ஆக்களுக்கு இது இல்லை. பயங்கரவாதம், தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஆக்களுக்கும் இல்லை. வெளிய வந்து பாரதூரமான புதுக் குற்றச்சாட்டு வந்தவைக்கும் இல்லை. அவைக்குப் பழைய முறைதான், ஸ்டாண்டர்ட் ரீகோல், பரோல் போர்ட் விடச் சொல்லுமட்டும் இல்லாட்டி நீதி அமைச்சுத் தானே விடுமட்டும் உள்ளதான், ஒண்டும் நடக்காட்டி தண்டனை முடியுமட்டும். உங்கட தம்பிக்கு இதில ஒண்டும் இல்லைப் போல கிடக்கு.

ரீகோலுக்கான காரணம் எழுதின கடுதாசி அவருக்குக் குடுப்பினம். அதில என்ன வகை ரீகோல் எண்டு போட்டிருக்கும். அதைப் போனில வாசிக்கச் சொல்லிக் கேளுங்கோ, மிச்சம் பிறகு கதைப்பம்.

ஈஸ்ட்ஹாம்_குமார்:
ரொம்ப நன்றி அண்ணா. சித்திகிட்ட இப்பவே சொல்றேன். ஆனா ஏன் இப்படி மாத்தினாங்க? அவனுக்கு நல்லதுதான், ஆனா கவர்மென்ட் திடீர்னு இவ்ளோ நல்லது பண்றது எனக்குப் புரியல.

சட்டக்கோப்பு:
இடம் இல்லை, அதுதான் காரணம். மே 14ம் திகதி அப்ப நீதி அமைச்சரா இருந்த ஷபானா மஹ்மூத் இதை அறிவிக்கேக்க ஒளிக்காமச் சொன்னவ, இப்பிடியே விட்டால் நவம்பரில ஆம்பிளையளின்ர ஜெயில் நிரம்பிப் போகும் எண்டு. 1993ல ரீகோல் ஆகி உள்ள இருந்தவை நூறு பேர் அளவுதான். இந்த வருசம் 13 ஆயிரத்தைத் தாண்டியிட்டுது. இங்கிலாந்து, வேல்ஸ் ஜெயில்கள் எல்லாத்திலயும் சேர்த்து ஏறக்குறைய 88 ஆயிரம் பேர், அதில 13 ஆயிரம் பேர் ஏற்கெனவே ஒருக்கா வெளிய விடப்பட்டவை. அதிலயும் கனபேர் புதுக் குற்றம் செய்து வந்த ஆக்கள் இல்லை, புரொபேஷனோட தொடர்பு விட்டுப்போனவை, சொன்ன விலாசத்தில இல்லாதவை, உங்கட தம்பியைப் போல.

இது கூடினதுக்குச் சட்டமும் ஒரு காரணம். 12 மாசத்துக்குக் கீழ தண்டனை எடுத்தவைக்கு முந்தி வெளிய வந்தாப் பிறகு கண்காணிப்பே இல்லை. 2015 பெப்ரவரியில இருந்து அவையளையும் லைசென்ஸுக்குள்ள கொண்டுவந்தவை. அதே காலத்தில புரொபேஷனில பெரிய பகுதியைத் தனியாருக்குக் குடுத்து, அது சரிவராமல் 2021 ஜூனில திருப்பி அரசாங்கமே எடுத்தது. கண்காணிக்கவேண்டிய சனம் கூடிப்போச்சு, கண்காணிக்கிற அமைப்பு உடைஞ்சுபோச்சு. பிறகு 2024 செப்டம்பர் 10, பாதித் தண்டனைக்குப் பதிலா 40 வீதத்தில விடுறது தொடங்கிச்சு, அண்டைக்கு ஒரே நாளில 1,700 பேர் அளவில வெளிய வந்தவை. படுக்க இடம் பாக்காமல் விட்டால் திரும்பி வருவினம்தானே, வந்திட்டினம்.

மலர்விழி_லண்டன்:
நான் குடும்ப வன்முறையில இருந்து வெளிய வர்ற பெண்களோட வேலை செய்யறேன், அதுல நம்ம தமிழ்ப் பெண்களும் இருக்காங்க. குமார் தம்பி, உங்க வீட்டுக் கஷ்டம் புரியுது, உங்க தம்பி சீக்கிரம் வரட்டும். ஆனா இதே ரூல் எங்ககிட்ட வர்றவங்களுக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லாம போக முடியல.

மனைவியை அடிச்சதுக்கு ரெண்டு வருஷம் தண்டனை வாங்கினவன் லைசென்ஸ்ல வெளிய வர்றான்னு வைங்க. அவகிட்ட பேசக்கூடாது, அந்தத் தெருப் பக்கமே வரக்கூடாதுன்னு கண்டிஷன். அவன் வேற நம்பர்ல இருந்து போன் பண்றான், பிள்ளைங்க ஸ்கூல் வாசல்ல நிக்கறான். ரீகால் பண்றாங்க. முன்னாடின்னா அது ஸ்டாண்டர்ட் ரீகாலா போக வாய்ப்பு இருந்தது, பரோல் போர்டு பொதுமக்கள் பாதுகாப்புக்கு இவனை உள்ள வச்சிருக்கணுமான்னு பார்க்கும், அதுவரைக்கும் அவ வீடு மாத்தலாம், பிள்ளைக்கு வேற ஸ்கூல் பார்க்கலாம், கோர்ட்ல ஆர்டர் வாங்கலாம். இப்போ 28 நாள். 28 நாள்ல லண்டன்ல எந்த கவுன்சில் ஒரு அம்மாவுக்கும் ரெண்டு பிள்ளைக்கும் வீடு கொடுத்துடும்? அவன் வெளிய வரும்போது முன்னைவிடக் கோபமா வருவான், ஏன்னா உள்ள போனதுக்குக் காரணம் அவ போலீஸ்ல சொன்னதுதான்னு அவனுக்குத் தெரியும்.

மாப்பா லெவல் 2, 3ன்னு விதிவிலக்கு இருக்குல்லன்னு கேப்பீங்க. வீட்டுக்குள்ள அடிக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த லெவல்ல இல்லவே இல்ல. போன வருஷம் 40 சதவீதத்துல விட ஆரம்பிச்சப்போ குற்றத்தோட வகையைப் பார்த்தாவது கொஞ்சம் விலக்கினாங்க, பின்தொடர்றது, கழுத்தை நெரிக்கறது, கட்டுப்படுத்தற நடத்தை இதெல்லாம் அந்த லிஸ்ட்ல இருந்தது. இந்த ரீகால் ரூல்ல அது கிடையாது. குடும்ப வன்முறை ஆணையர் நிக்கோல் ஜேக்கப்ஸ் மே மாசமே இதை கடுமையா எதிர்த்தாங்க. அவங்க சொன்னதுதான் நானும் சொல்றேன், ரீகால் ஆகறவன் இன்னும் ஆபத்தா இருக்கான்னு காட்டினதாலதான் ரீகால் ஆகறான்.

கோவை_ரமேஷ்:
படிக்கவே பதறுது. எனக்கு இதுல ஒரே கேள்வி, ஜெயில்ல இடம் இல்லன்னா புது ஜெயில் கட்டணும், அதை விட்டுட்டு கண்டிஷன் மீறினவனை வெளிய விடறது என்ன நியாயம். கோர்ட் 30 மாசம் கொடுத்தா 30 மாசம். பாதில விட்டதே சலுகை, அந்த சலுகையை மதிக்காதவனுக்கு மறுபடியும் சலுகை. குமார் சார் கோவிச்சுக்காதீங்க, உங்க தம்பியைச் சொல்லல, பொதுவா சொல்றேன்.

புரொபேஷன்_பக்கம்:
நான் இந்த வேலைலயே இருக்கேன், இடம் எதுன்னு சொல்ல முடியாது. ரமேஷ் சார், புது ஜெயில் கட்டறாங்க, ஆனா அது வருஷக்கணக்கு ஆகற விஷயம், நவம்பர்ல நிரம்பற ஜெயிலுக்கு அது பதில் ஆகாது. நிரம்பிட்டா என்ன ஆகும்னா இன்னைக்கு ராத்திரி ஒருத்தன் கத்தி எடுத்துக் குத்தினா அவனை அடைக்க இடம் இருக்காது. அதனால அவசரமா ஏதாவது பண்ணித்தான் ஆகணும், அதை நான் மறுக்கல.

ஆனா ரீகால் எப்படி நடக்குதுன்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியறதில்ல. ஒருத்தர் வரலன்னா உடனே உள்ள தள்ளறது இல்ல. வார்னிங் லெட்டர் இருக்கு, கண்டிஷனை மாத்தலாம், கால்ல எலக்ட்ரானிக் டேக் போடலாம், அடிக்கடி வரச் சொல்லலாம். அதெல்லாம் தாண்டித்தான் ரிப்போர்ட் எழுதி, மேல இருக்கறவங்க கையெழுத்துப் போட்டு, நீதி அமைச்சுல இருக்கற பிரிவு லைசென்ஸை ரத்து பண்ணி, போலீஸ் போய்ப் பிடிக்கறாங்க. இது காகிதத்துல. நிஜத்துல ஒரு ஆஃபீசர் கைல எத்தனை கேஸ் இருக்குன்னு பார்த்தீங்கன்னா ஒருத்தன் ஏன் வரலன்னு தேடிப்போய்க் கேக்க நேரமே இருக்காது, அப்போ ரீகால்தான் கைல மிஞ்சற ஒரே வழி.

இன்னொண்ணும் இருக்கு, 2022 ஜூன்ல இல்ஃபர்ட்ல ராத்திரி வீட்டுக்கு நடந்து போன ஒரு இளம் பெண்ணை ஒருத்தன் கொன்னான். ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க யாருக்கும் அது மறந்திருக்காது. அவன் ஜெயில்ல இருந்து லைசென்ஸ்ல வந்து ஒன்பதே நாள். அப்பாயின்ட்மென்ட் எதுக்கும் வரல. ஆபத்து அளவை குறைச்சுப் போட்டிருந்தாங்க, ரீகால் முடிவு லேட்டா எடுத்தாங்க, பிடிக்கறதுக்குள்ள அவன் கொன்னுட்டான். புரொபேஷன் தலைமை இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எல்லாத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டுச்சு. அதுக்கப்புறம் எங்கள்ல யாருக்குத்தான் ஒருத்தர் வரலன்னா நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம்னு தைரியம் வரும்? குமாரோட தம்பி மாதிரி ஆளையும் அப்படிப்பட்டவனையும் வெளிய இருந்து பார்த்தா அறிகுறி ஒண்ணுதான், ரெண்டு பேருமே வரல, ரெண்டு பேருமே எங்க இருக்காங்கன்னு தெரியல.

வெளியவந்தவன்:
நான் உள்ள இருந்தவன், ரீகோலும் ஆனவன். இப்ப லைசென்ஸ் முடிஞ்சு வேலை செய்து பிள்ளையளோட இருக்கிறன், அதால கொஞ்சம் திறந்து கதைக்கலாம். 28 நாள் எண்டு கேக்கேக்க சின்னதாத்தான் தெரியும். மாசம் பூரா உள்ள இருந்தால் வேலை போயிடும், எந்த முதலாளி வச்சிருப்பான். வாடகை அறை போயிடும், அறைக்குள்ள இருந்த உடுப்பு, பேப்பர், பிள்ளையின்ர படம் எல்லாம் போயிடும். வீடில்லாத ஆக்களுக்கு 84 இரவு வரைக்கும் குடுக்கிற தற்காலிக இடத்தில இருந்தால் அந்தக் கட்டிலும் போயிடும். யூனிவர்சல் கிரெடிட் எண்ட அரசாங்க உதவிக்காசு நிண்டுபோகும், வெளிய வந்து திரும்ப விண்ணப்பிச்சு முதல் காசு வர அஞ்சு கிழமை. மருந்து எடுக்கிறவன் எண்டால் உள்ள ஒரு டொக்டர், வெளிய ஒரு டொக்டர், நடுவில ரெண்டு மூண்டு நாள் ஒண்டுமில்லை, அந்த ரெண்டு மூண்டு நாளுக்குள்ளதான் சனம் சாகிறது.

உள்ளயும் அந்த மாசத்தில ஒண்டும் நடக்காது. கோர்ஸ் இல்லை, வேலை இல்லை, உன்ர கேஸைப் பாக்கிற ஆளின்ர பேர் தெரிய வரேக்க போற நாள் வந்திடும். எந்த விலாசம் இல்லாததால பிடிச்சவங்களோ அந்த விலாசம் இல்லாமலே வெளிய விடுவாங்கள். பிறகு திரும்ப வருவாய். ஒரே வருசத்தில அப்பிடி மூண்டு தரம் வந்துபோன பெடியனை எனக்குத் தெரியும். ரமேஷ் அண்ணை, அவனுக்கு அதில சலுகை எங்க இருக்கு எண்டு சொல்லுங்கோ.

ஆனால் பழைய முறை இதைவிட மோசம், அதையும் சொல்லவேணும். ஸ்டாண்டர்ட் ரீகோலில எப்ப விடுவாங்கள் எண்டே தெரியாது. முதல் தண்டனையை எண்ணி எண்ணிக் கழிக்கலாம், ரீகோலில எண்ண ஒண்டுமில்லை. என்னை வதைச்சது அதுதான். திகதி தெரிஞ்சால் மனுசன் தாங்குவான்.

சட்டக்கோப்பு:
வெளியவந்தவன் சொல்லுறதும் மலர்விழி அக்கா சொல்லுறதும் எதிரெதிர் எண்டு நினைக்காதேங்கோ, ரெண்டுபேரும் ஒரே பிழையைத்தான் காட்டுறியள். முந்தி இந்த 12 மாசத்துக்கும் 4 வருசத்துக்கும் இடையில தண்டனை எடுத்தவையில ஆருக்கு 28 நாள், ஆருக்கு ஸ்டாண்டர்ட் எண்டு முடிவெடுக்கிறதில ஒரு கேள்வி இருந்தது, இந்த ஆளை விட்டால் ஆருக்கும் பாரதூரமான தீங்கு வருமோ எண்டு. பதில் எப்பவும் சரியா வந்ததெண்டு சொல்லமாட்டன், பயத்தில எல்லாரையும் ஸ்டாண்டர்டில தள்ளினதும் நடந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. இப்ப அந்த இடத்தில தண்டனை எவ்வளவு நீளம் எண்டு பாக்கினம். நீதவான் தண்டனை குடுக்கிறது செய்த குற்றத்துக்கு, இனிமேல் மனுசியின்ர வாசலில போய் நிப்பானோ எண்டதுக்கு இல்லை. பண மோசடிக்கு 5 வருசம் வாங்கினவன் ஒரு அப்பாயின்ட்மென்ட் விட்டால் பரோல் போர்டைப் பாத்துக்கொண்டு கிடக்கவேண்டி வரலாம், மனுசியை அடிச்சு 2 வருசம் வாங்கினவன் அவவைத் தேடிப்போனாலும் 28 நாளில வெளிய.

டேவிட் கோக்கின்ர தண்டனை மீளாய்வு மே 22ல வந்தது. அவர் 2018, 19ல கொன்சர்வேட்டிவ் அரசாங்கத்தில நீதி அமைச்சரா இருந்தவர். அவர் சொன்னது 56 நாள், அதோட ரீகோல் செய்யிறதுக்கான காரணத்தையே இறுக்கச் சொன்னவர், சும்மா சந்திப்புக்கு வராததுக்கெல்லாம் உள்ள போடாமல். 56 நாள் எண்டால் வீடு, மருந்து ஒழுங்குபடுத்த அவகாசம் இருக்கு எண்டது அவரின்ர நியாயம். செப்டம்பர் 2, இந்த 28 நாள் அமுலுக்கு வந்த அதே நாளில, தண்டனை மசோதாவையும் பார்லிமென்டில வச்சிட்டினம். அதில 56 நாள் இருக்கு, 4 வருச எல்லை இல்லை. குற்றத்தின்ர வகையைப் பாத்து விலக்கு வைக்கவேணும் எண்டுதான் நான் கேப்பன். தடுக்கப்பட்ட ஆளோட தொடர்பு கொண்டதால ரீகோல் ஆனால் அதைக் கட்டாயம் ஆரும் ஒருக்காப் பரிசீலிக்கவேணும், நாள் முடிஞ்சுது போ எண்டு விடக்கூடாது.

கோவை_ரமேஷ்:
அந்த வேறுபாடு நியாயமா படுது. மனைவியைத் தேடிப்போனவனும் சோஃபால படுத்தவனும் ஒண்ணு இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன், 28 நாள் முடிஞ்சு வெளிய வந்தா அவ்ளோதானா, கண்காணிப்பு இல்லையா?

புரொபேஷன்_பக்கம்:
இருக்கு சார், தண்டனை முடியற தேதி வரைக்கும் லைசென்ஸ் ஓடும், மறுபடி மீறினா மறுபடி ரீகால். ஆயுள் தண்டனை, எக்ஸ்டெண்டட் தண்டனை (ஆபத்தானவங்களுக்கு லைசென்ஸ் காலத்தை நீட்டிக் கொடுக்கறது), அப்புறம் ஐபிபி, இவங்க யாருக்கும் இந்த 28 நாள் கிடையாது. ஐபிபின்னா முடிவுத் தேதியே இல்லாத தண்டனை, 2012ல ஒழிச்சாங்க, ஆனா ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு அப்படியே விட்டுட்டாங்க, அவங்க ரீகால் ஆனா இன்னைக்கும் பெரும்பாலும் பரோல் போர்டுதான், அது தனியா எழுத வேண்டிய அநியாயம்.

வேலைக்கு ஆள் எடுக்கறாங்க, 2026 மார்ச்சுக்குள்ள 1,300 ட்ரெய்னி, அடுத்து 700 மில்லியன் பவுண்ட் வரைக்கும் கூடுதல் நிதின்னு சொல்லியிருக்காங்க. ட்ரெய்னி வந்து தனியா கேஸ் பார்க்க காலம் ஆகும். அதுவரைக்கும் 28 நாளுக்கு ஒருக்கா வெளிய வர்ற கூட்டத்தையும் நாங்கதான் பார்க்கணும், ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து ப்ளான் எழுதணும்.

மலர்விழி_லண்டன்:
இதைப் படிக்கற பெண்கள் யாராவது இருந்தா உங்களுக்காக எழுதறேன். வன்முறை அல்லது பாலியல் குற்றத்துக்கு 12 மாசமோ அதுக்கு மேலயோ தண்டனை கிடைச்சிருந்தா உங்களுக்கு விக்டிம் கான்டாக்ட் ஸ்கீம்ல சேர உரிமை இருக்கு. ஒரு லையசான் ஆஃபீசர் கொடுப்பாங்க. அவன் எப்போ வெளிய வர்றான்னு சொல்லணும், எந்தத் தெரு, எந்த ஸ்கூல், எந்தக் கோயில் பக்கம் வரக்கூடாதுன்னு நீங்க கேக்கலாம். கோயிலைக் கண்டிப்பா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை நீங்க எங்க இருப்பீங்கன்னு அவனுக்குத் தெரியும், ஆஃபீசருக்குத் தெரியாது. லெட்டர் இங்கிலீஷ்ல வந்தா மூலைல போடாதீங்க, இன்டர்பிரட்டர் வேணும்னு கேளுங்க, அதுக்கு உங்க மாமியாரையோ கொழுந்தனையோ பேச வைக்காதீங்க. ரீகால் ஆகியிருந்தா எப்போ விடறாங்கன்னு நீங்களே போன் பண்ணிக் கேளுங்க, 28 நாள்ங்கறதால தகவல் உங்ககிட்ட வர்றதுக்குள்ள அவன் வந்துடலாம். லைசென்ஸ் கண்டிஷனை மட்டும் நம்பி இருக்காம ஃபேமிலி கோர்ட்ல நான்-மொலஸ்டேஷன் ஆர்டரும் (தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு கோர்ட் போடற தடை) வாங்குங்க. அதை மீறினா அது தனிக் குத்தம், 5 வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு.

ஈஸ்ட்ஹாம்_குமார்:
அப்டேட். தம்பி போன் பண்ணினான். கடுதாசில ஃபிக்ஸ்ட் டேர்ம், 28 நாள்னுதான் போட்டிருக்கு, தேதியும் போட்டிருக்கு. சித்தி ரெண்டு தடவை திரும்பத் திரும்பக் கேட்டு எழுதி வச்சுக்கிட்டாங்க. சட்டக்கோப்பு அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மலர்விழி அக்கா எழுதினதையும் சித்திகிட்ட சொன்னேன், அந்தப் பெண்களுக்கும் ஒரு வழி பண்ணணும்னு அவங்களும் சொன்னாங்க.

இப்போ அட்ரஸ் பிரச்சனை. சித்தி தன் வீட்லயே வச்சுக்கறேன்னு சொல்றாங்க, சித்தப்பா மானம் போகும், போலீஸ் வாசலுக்கு வரும்னு ஒத்துக்க மாட்டேங்கறார். பரோல் போர்டுக்கு எழுதி இன்னும் சீக்கிரம் எடுக்க முடியுமா? அவன் அம்மாச்சிக்கு உடம்பு முடியல ஊர்ல, வெளிய வந்ததும் ஊருக்குப் போய்ட்டு வரலாமா?

சட்டக்கோப்பு:
ரீகோல் பிழை எண்டு எழுத்தில முறையிடுற உரிமை இருக்கு, ஆனால் பதில் வரேக்க 28 நாள் ஓடிப்போகும், அந்தச் சக்தியை விலாசத்தில செலவழியுங்கோ. ஊருக்குப் போறது புரொபேஷன் அனுமதி இல்லாமல் ஏலாது, யூகேயை விட்டு வெளிக்கிடக்கூடாது எண்டது எல்லாருக்கும் உள்ள கண்டிஷன். முதலில ஒழுங்காச் சந்திப்புக்குப் போகட்டும், பிறகு காரணத்தோட எழுத்தில கேக்கலாம். அவருக்குப் பிரிட்டிஷ் சிட்டிசன்ஷிப் இருக்கோ எண்டதையும் பாருங்கோ. இல்லாட்டி உடன ஒரு இமிகிரேஷன் சொலிசிட்டரைப் பிடிக்கவேணும், 12 மாசமும் அதுக்கு மேலயும் தண்டனை எடுத்த வெளிநாட்டவரை நாடுகடத்துறது தனிச் சட்டம், அது இந்த 28 நாளோட முடியாது.

சித்தப்பாவோட நீங்கள் கதையுங்கோ. அட்ரஸ் குடுத்தால் புரொபேஷன் ஆள் வீட்டுக்காரரோட கதைச்சு, வந்து பாத்து, சம்மதம் கேட்டுத்தான் போடுவினம், சித்தப்பா அரைமனசோட ஓமெண்டு போட்டுப் பிறகு துரத்தினால் திரும்பவும் இதே கதை. அவர் ஒத்துவராட்டி இப்பவே சொல்லட்டும், வேற இடம் கேக்க நாள் இருக்கும்.

வெளியவந்தவன்:
குமார், இதைத் தம்பியிட்டச் சொல்லும். விட்ட அண்டைக்கே புரொபேஷன் ஒஃபிசுக்குப் போகவேணும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப்போட்டுப் போவம் எண்டு நினைக்கக்கூடாது. படுக்கிற இடம் மாறினால் அந்த இரவே போன், எடுக்காட்டி மெசேஜ், அந்த மெசேஜை அழிக்காமல் வச்சிருக்கவேணும். நான் வீடில்லாமல் நிக்கிறன் எண்டு நேர சொல்லுறவனை உடன உள்ள போடமாட்டாங்கள், சொல்லாமல் காணாமல் போறவனைத்தான் போடுறது. சித்தப்பாவோட கதைக்க ஆள் வேணுமெண்டால் எனக்குத் தனிமடல் போடும், நான் வந்து கதைக்கிறன், என்ர அப்பாவும் முதலில இப்பிடித்தான் நிண்டவர்.

மலர்விழி_லண்டன்:
மசோதா இன்னைக்கு, 2025ல, இன்னும் பார்லிமென்ட்லதான் இருக்கு, 56 நாள் விஷயத்துல குற்ற வகையைப் பார்த்து விலக்கு வைக்கணும்னு உங்க உங்க எம்பிக்கு எழுதுங்க. சட்டக்கோப்பு அண்ணா, நீங்க மேல எழுதினதை வச்சு ஒரு பக்கத்துல இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் மாதிரி போட்டுக் கொடுக்க முடியுமா? எங்க சென்டருக்கு வர்றவங்ககிட்ட நான் கையெழுத்து வாங்கறேன்.

சட்டக்கோப்பு:
ஓம் அக்கா, ஞாயிறுக்குள்ள எழுதிப் போடுறன். ரீகோல் ஆன பெடியளின்ர பக்கமும் அதில இருக்கும், சந்திப்புக்கு வராத ஒரே காரணத்துக்கு உள்ள போடுறதுக்கு முதல் வீடு இருக்கோ எண்டு கேக்கவேணும் எண்டு. ரெண்டையும் ஒரே கடிதத்தில கேப்பம்.